கொறற்றி சொன்னதும் நான் சொன்னதும்

கொறற்றி சில்வெஸ்டர் சென்ற ஆண்டு தை மாதம் எசன் நகரில் இறந்தார். வயது அறுபத்தேழு. அவருடைய ஆண்டுத் திருப்பலியில் கொடுக்கவிருக்கும் இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி மகள் பிறேமா என்னிடம் கேட்டார்.

இத்தகைய மலர்களில் என்ன எழுதுவார்கள் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பண்பானவர், எல்லோரையும் சிரித்த முகத்துடன் வரவேற்றவர். நானே இந்த நகரில் முப்பது பேருக்கு மேல் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொறற்றிக்கு அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. அவருடைய வாழ்க்கை போன வழியில் என் கையும் இருக்கிறது.

என் பெயர் உமாபதி. யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்து 1979இல் ஜெர்மனிக்கு வந்தவன். எண்பதுகளில் அகதித் தஞ்சம் கேட்டு வந்த தமிழர்களின் விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன்.

கொறற்றி 1957இல் மன்னார்த் தீவின் கரையோர ஊர் ஒன்றில் பிறந்தார். மீன் ஏலம் கூறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு. அந்தச் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகியதால் அவருடைய குரல் எப்போதும் ஒரு படி உயர்ந்தே இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1980இல் சில்வெஸ்டரை மணந்தார். 1982இல் பிறேமா பிறந்தார். 1985 தை மாதம் சில்வெஸ்டர் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

அடுத்த மாதம் இராணுவத்தினர் வீட்டுக்கு வந்து, புருஷன் எங்கே என்று கேட்டு, விசாரணைக்கென்று கொறற்றியை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் விட்டார்கள். அவருடைய அக்கா யோகம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தங்கை இனி அங்கே இருக்கக்கூடாது என்று மட்டும் முடிவெடுத்தார். மூன்று வயதுப் பிள்ளையைத் தான் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் பிள்ளையைக் கூப்பிட்டுவிடலாம் என்று ஜெர்மனிக்கு அனுப்பிவைத்த முகவர்கள் சொன்னார்கள்.

மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் வந்து, அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் மேற்குப் பக்கம் இறங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: "ரெயிலாலை இறங்கினன், நாடு மாறிப்போச்சு." பிறகு அவரை எசன் நகரம் இருக்கும் ரூர் பகுதிக்கு அனுப்பினார்கள். அகதிகளுக்கான விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பெண்கள்.

1986 சித்திரையில் அவருடைய விசாரணை நடந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனவன் நான்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவர் கையில் ஒலிப்பதிவுக் கருவி. எங்கள் பதில்களைச் சுருக்கி அதற்குள் சொல்வார், பிறகு யாரோ தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள். பெயர், ஊர், வந்த வழி எல்லாம் முடிந்து, "ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். கொறற்றி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். அந்த முகாமில் அன்று இரவு தனக்கு என்ன நடந்தது என்பதை மூன்று வசனத்தில் சொன்னார். எத்தனை பேர் என்பதையும் சொன்னார். அழவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கான ஜெர்மன் சொல் எனக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் உள்ள சொல்தான். அது வாய்க்குள் வந்து நின்றது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "இராணுவத்தினர் இவரை விசாரணைக்குக் கொண்டுபோய் அவமரியாதையாக நடத்தினார்கள்" என்று சொன்னேன்.

அதிகாரி விடவில்லை. "எந்த விதமான அவமரியாதை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் கொறற்றியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஏசினார்கள், தள்ளினார்கள்" என்று நானே பதில் சொன்னேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதையும் எழுதவேண்டும். கரையோரத்துப் பெண்கள் இப்படித்தான் வாய் கூசாமல் பேசுவார்கள், எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இதை ஓர் ஆண் முன்னால் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். வெட்கம் எனக்குத்தான் வந்தது. அதை அவருடைய வெட்கமாக எண்ணிக்கொண்டு அவருடைய வாயை நான் மூடினேன்.

தட்டச்சு செய்த தாள்கள் வந்ததும் முழுவதையும் தமிழில் திருப்பிச் சொல்லி, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். அதுதான் முறை. முகாம் பற்றிய பந்தி வந்தபோது தாளில் இருந்ததை நான் சொல்லவில்லை. "நீங்கள் சொன்னது இதிலை இருக்கு" என்றேன்.

"எல்லாம் எழுதியாச்சோ அண்ணை?"

"ஓம், எல்லாம் இருக்கு."

கையொப்பம் போட்டார். வெளியே நடைபாதையில் வந்ததும், "சொல்லிப்போட்டன். பிள்ளைக்காகச் சொன்னன். இனி ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். பொதுவான சோதனை நடவடிக்கைகளில் நேரும் கடுமை தனிப்பட்ட துன்புறுத்தல் ஆகாது என்று எழுதியிருந்தார்கள். கொறற்றி விடுதிச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவ்வளவும் சொல்லியும் நம்பேல்லையோ?"

"அவங்கள் எங்கட ஆக்களை நம்புறதில்லை" என்றேன்.

இந்தப் பொய்யைத்தான் நான் பல நாள் நினைத்துப் பார்ப்பதுண்டு. முதலாவது பொய் அந்த அறையில் ஒரு கணத்தில் நடந்தது என்று சொல்லலாம். இதற்கு எனக்கு ஒரு வருடம் இருந்தது.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய்க் கிடந்த காலத்தில் அவர் தன் நகர எல்லையைத் தாண்டக்கூட அனுமதி எடுக்கவேண்டும். 1989 கோடையில் கேவலார் மாதா கோவில் திருவிழாவுக்குப் போக அனுமதி கேட்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "ஏன் அங்கே போகவேண்டும், இங்கேயே கோவில் இருக்கிறதே?" என்று எழுதுவினைஞர் கேட்டார். கொறற்றி சொன்னார்:

"மாதாவைப் பாக்க மாதா விசா கேக்கிறதில்லை, நீங்கள்தான் கேக்கிறியள் எண்டு சொல்லுங்கோ. போறன், மெழுகுதிரி கொளுத்துறன், பின்னேரம் திரும்பி வாறன். ஓடிப்போக அங்கை கடலும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"மத நோக்கம்" என்று நான் மொழிபெயர்த்தேன். முத்திரை குத்தினார்கள். படியில் இறங்கும்போது கொறற்றி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இவ்வளவு நீளத்துக்குச் சொன்னன். நீங்கள் ரெண்டு சொல்லோட முடிச்சிட்டியள்."

"டொச் சுருக்கமான பாஷை" என்று ஜெர்மனின் மேல் பழியைப் போட்டேன்.

"அப்பிடியோ. அப்ப ஏன் அவங்கட கடிதங்கள் இவ்வளவு நீளம்?" என்று சிரித்தார்.

வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தார். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து மடிக்கும் வேலை. அங்கே முப்பது வருடம் நின்றார். துருக்கிப் பெண்களும் போலந்துப் பெண்களும் அவருக்குத் தோழிகள். அவர்களோடு பேசத்தான் முதலில் ஜெர்மன் கற்றார். பிறகு பங்குக் கோவிலில் ஒரு கன்னியாஸ்திரி நடத்திய மாலை வகுப்புக்கு இரண்டு வருடம் போனார்.

1994க்குப் பிறகு அவர் என்னை எந்த அலுவலகத்துக்கும் கூப்பிடவில்லை. டெர்மின் என்ற அலுவலகச் சந்திப்புகளுக்குத் தனியாகவே போனார். நான் அதைப் பற்றிக் கடைத்தெருவில் பகிடி பண்ணியிருக்கிறேன். "கொறற்றி டொச் படிச்சிட்டா. இனி எங்களை எல்லாம் கணக்கெடுக்க மாட்டா" என்று சொன்னபோது நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆனால் நத்தார்த் திருநாளுக்கு அவர் எங்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. வாசலில் நின்று என் மனைவியிடம் கொடுப்பார். உள்ளே வரச் சொன்னால் வேலை இருக்கிறது என்பார்.

வழக்கு தோற்ற பிறகு, நாடு கடத்தலைத் தள்ளிப்போடும் தாள் மட்டும்தான் அவரிடம் இருந்தது. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட ஏலாது. நிரந்தரமாக இருக்க வழி கிடைத்தபோது ஆண்டு 2000. பிறேமாவுக்குப் பதினெட்டு வயது. பிள்ளையாகக் கூப்பிடும் வயது கடந்துவிட்டது.

மகளுக்கு உடுப்புகள் அனுப்புவார். அவை எப்போதும் இரண்டு வயது சிறியதாக இருக்கும் என்று பிறேமா என்னிடம் சொன்னார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பிறேமா தாயின் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. 2003இல் கொறற்றி மூன்று கிழமை மன்னாருக்குப் போனார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு தாயும் மகளும் சந்தித்தார்கள். திரும்பும் நாளில் மகள் கேட்டிருக்கிறார்: "ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" "ஏலாமல் போச்சு" என்று தாய் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வெளிநாட்டுச் சுகம் பழகிவிட்டது, பிள்ளை சுமையாகிவிட்டது என்று மகள் விளங்கிக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்த விளக்கத்தோடுதான் வாழ்ந்தார்.

தை மாத அடக்கத்துக்குப் பிறேமாவுக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து பத்தொன்பது நாளைக்குப் பிறகுதான் கிடைத்தது. அடக்கத்தில் சலவைக்கூடத்துப் பெண்கள் ஆறு பேர் கைகோத்து நின்றார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். பிறேமா மன்னாரில் ஆசிரியை. விமான நிலையத்தில் நான்தான் அவரைக் கூட்டிவந்தேன். கொறற்றியின் வாடகை வீட்டை மாத முடிவில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், அலமாரியிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்துவந்து சமையலறை மேசையில் வைத்தார்.

"ஐயா, எனக்கு இந்தப் பாஷை தெரியாது. முதல் தாளிலை இருந்து வாசியுங்கோ. ஒண்டும் விடாமல்."

"இதெல்லாம் பழைய அலுவலகக் கடதாசிகள், பிள்ளை."

"இருக்கட்டும். அம்மா என்னைக் கேட்டு ஒரு விண்ணப்பமாவது போட்டவவோ எண்டு பாக்கவேணும். போடேல்லை எண்டால் அதுவும் எனக்குத் தெரியத்தான் வேணும்."

அவர் ஜெர்மனிக்கு வந்தது இதற்காகத்தான் என்று அப்போது விளங்கியது. நான் வாசிக்கத் தொடங்கினேன். விடுதிக் கடிதம், மருத்துவச் சான்று, பிறகு விசாரணை அறிக்கை. முதற்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர். கொறற்றி வரிகளுக்கிடையே பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும். அந்தப் பந்தி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினேன்.

"ஐயா, ரெண்டு ஒற்றையைச் சேத்துத் திருப்பிட்டியள்" என்றார் பிறேமா. பிள்ளைகளின் கொப்பி பார்த்துப் பழகிய கண்.

அவரே கையை நீட்டித் தாளைப் பிரித்தார். அந்தப் பந்தியின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை வாசிக்க அவருக்கு நான் தேவைப்படவில்லை. மெல்ல, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தார்.

"நான் சொன்னது இது இல்லை. உமாபதி அண்ணைக்கு வெக்கம் வந்திட்டுது போல."

கீழே ஒரு திகதி. 1994 மாசி.

பிறேமா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அம்மா என்ன சொன்னவ?"

சொன்னேன். முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, அந்த மூன்று வசனத்தையும், கொறற்றி சொன்னபடியே சொன்னேன். பிறகு நான் என்ன சொன்னேன் என்பதையும், அதிகாரி திருப்பிக் கேட்டதையும், வாசித்துக் காட்டும்போது செய்ததையும், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நாளில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"நான் அம்மாவின்ரை நன்மைக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். "எங்கட ஆக்கள் மத்தியிலை இது தெரியவந்தால்..."

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகு?"

"நான் அதைச் சரியாகச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பாங்கள், பிள்ளை. அந்த நாளிலை அப்பிடி எத்தினையோ பேருக்கு மறுத்தவங்கள். சில சிப்பாய்மாரின்ரை தனிப்பட்ட பிழை எண்டு எழுதுவாங்கள். ஒரு வக்கீலும் எனக்கு அப்பிடித்தான் சொன்னவர்."

இது உண்மை. இதை நான் பல வருடம் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மறுக்கிறதெண்டால் அவங்கள் மறுத்திருக்கவேணும்" என்றார் பிறேமா. "நீங்கள் இல்லை."

எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"மிச்சத்தை வாசியுங்கோ. இங்கை வேறை ஆர் இருக்கினம் எனக்கு வாசிக்க."

வாசித்தேன். மறுப்புகள், டெர்மின் அறிவித்தல்கள், சலவைக்கூடத்துச் சம்பளச் சிட்டைகள். பிறகு 1991இன் தாள்கள் வந்தன. அலுவலகத்துக்குக் கொறற்றி தன் கையால் எழுதிய கடிதத்தின் பிரதி. அப்போது அவருக்கு ஜெர்மன் சரியாக வராது. யாரிடமும் கேட்காமல் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதை ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், பிழைகளோடு தமிழில் சொன்னேன்.

"மதிப்புக்குரிய ஐயாமாரே. என் மகள் ஒன்பது வயது. மகள் அக்கா வீட்டில். அக்கா இப்போது முகாமில், சண்டை. நான் வேலை செய்கிறேன், நான் சாப்பாடு கொடுப்பேன், கட்டில் இருக்கிறது. மகள் சத்தம் போடாது. தயவு. தயவு. கொறற்றி சில்வெஸ்டர்."

அதன் பின்னால் மறுப்பு. தங்கும் உரிமை இல்லாதவர் குடும்பத்தை அழைக்க முடியாது என்று நாலு வரி. 1993இல் இன்னொன்று. 1996இல் ஒன்று, ஒரு வக்கீல் மூலம். கடைசி 2000இல். அதை நிரந்தர அனுமதி கிடைத்து எட்டாவது நாளில் போட்டிருக்கிறார். வயது கடந்துவிட்டது என்று பதில்.

"நாலு" என்றார் பிறேமா.

"ஓம். நாலு."

"மகள் சத்தம் போடாது எண்டோ எழுதியிருக்கிறா?"

"ஓம், பிள்ளை. அப்பிடியே இருக்கு."

"நான் பயங்கரச் சத்தம் போடுவன். பெரியம்மா என்னை ஏசாத நாள் இல்லை." சிரிக்கப் போனார். அது வரவில்லை. எழுந்து யன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நிற்கவில்லை. நிற்கத் தகுதியானவன் நான் இல்லை.

திரும்பி வந்து அந்த நான்கு விண்ணப்பங்களையும் கோப்பிலிருந்து கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்தார். விசாரணை அறிக்கையைத் தொடவில்லை.

"மலருக்கு அம்மாவின்ரை கதையை நீங்கள்தான் எழுதவேணும்" என்றார்.

"நானோ? வேறை ஆரையும் கேள் பிள்ளை."

"இல்லை. நீங்கள்தான். அம்மா அந்த அறையிலை என்ன சொன்னவ எண்டு எழுதாதேங்கோ. அது அவ ஒருக்காச் சொன்னது, ஒருக்கா எழுதியிருக்கவேண்டியது. இப்ப எழுதி ஆருக்கு என்ன. நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. பேரோட. அவ என்னைக் கேட்டு நாலு தரம் எழுதினவ எண்டும் எழுதுங்கோ. ஊரிலை எல்லாரும் வாசிக்கவேணும். பிள்ளையை விட்டிட்டுப் போனவள் எண்டு நான் மட்டும் சொல்லேல்லை, ஊரே சொன்னது."

அதனால்தான் அந்த மூன்று வசனமும் இங்கே இல்லை. இந்த முறை நான் விழுங்கவில்லை. மகள் கேட்டதற்காக விட்டிருக்கிறேன். மற்ற எல்லாம் இருக்கிறது. இதை வாசிக்கும் பலரை எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கும் நான் அந்த அறைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். உங்கள் கோப்பில் நீங்கள் சொல்லாத ஏதாவது இருந்தால், அல்லது சொன்னது ஏதாவது இல்லாமல் இருந்தால், கொண்டுவந்து காட்டுங்கள். இருந்து வாசிக்கிறேன்.

பிறேமா மூன்று கிழமையில் ஊர் திரும்பினார். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றார். சலவைக்கூடத்துப் பெண் ஒருவர் கூட்டிப்போனார்.

எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிறேமாவுக்குத் தொலைபேசியில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. விசாரணை பற்றிய பகுதியின் முடிவில், நான் அதை நல்லெண்ணத்தால் செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அந்த வரியை எடுங்கோ. மற்றது இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன்.